வன்தட்டைப் பழிக்குமுன்



பள்ளி ஆண்டுவிழா நிகழ்படத்தைத் தொகுக்கையில் புற வன்தட்டு திடீரென நின்றால், "தட்டு கெட்டுவிட்டது" என முடிவு கட்டுகிறோம். பல வேளைகளில் குறை வேறிடத்தில் இருக்கும்.

முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். இடையில் வேறு கருவியின்றிக் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 செருகுவாய்க்கு வரையறுக்கப்பட்ட மின்னோட்டம் 500 மில்லியம்பியர், 3.0-க்கு 900. மின்சாரம் போதாவிடில் இணைப்பு அடிக்கடி அறுபடும். 4 கிகாபைட்டைத் தாண்டிய கோப்பு பதியவில்லையா? அது பழுதாக இராது; எஃப்ஏடி32 வடிவமைப்பின் வரம்பாக இருக்கலாம். வடிவமைப்பை மாற்றுமுன் உள்ளவற்றை நகலெடுங்கள். மாற்றினால் யாவும் அழியும்.

ஆனால், 'டக் டக்' என்னும் ஒலி கேட்டால் உடனே நிறுத்துங்கள். "ஃபார்மேட் செய்யவா?" எனக் கணினி கேட்டால், கோப்புகளை மீட்கும்வரை இசையாதீர்கள்.

என் கருத்து இதுதான்: தொகுக்கும் தட்டு வேறு, காக்கும் தட்டு வேறு என இருத்தல் வேண்டும். மேடை அலங்காரத்திற்குத் தாராளமாகச் செலவிடும் நாம், இரண்டாவது தட்டு வாங்கத் தயங்குகிறோம். ஆறாம் ஆண்டு மாணவன் மீண்டும் அம்மேடையில் ஏறப்போவதில்லை. அடுத்த விழாவின் செலவுப் பட்டியலில் அந்த இரண்டாவது தட்டையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சேர்த்தல் நன்று.