கப்பல் ஏறியதும் 'நீங்கள்' 'அவர்கள்' ஆவது

குர்ஆனின் பத்தாம் அத்தியாயமான யூனுஸில், 22ஆம் வசனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நிலத்திலும் கடலிலும் பயணிக்கும் மனிதர்களை 'நீங்கள்' என்று விளித்துத் தொடங்குகிறது. கப்பலில் ஏறிய கையோடு அதே மனிதர்கள் 'அவர்கள்' ஆகிவிடுகிறார்கள். நல்ல காற்று, மகிழ்ச்சி, பிறகு புயல், எல்லாம் படர்க்கையில்தான். பள்ளிக்கூடத்து இலக்கண வாத்தியார் சிவப்பு மையால் சுழித்திருப்பார். அரபு அணியிலக்கணமோ இதற்கு 'இல்திஃபாத்' என்று பெயரிட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தல் என்று பொருள். 1144இல் மறைந்த குர்ஆன் உரையாசிரியர் ஸமக்ஷரி, அந்தப் பயணிகளுடைய நிலையை வேறு யாரிடமோ சொல்லி வியக்க வைப்பது போன்ற உத்தி இது என்றார். எனக்கென்னவோ, கரையில் நின்று கப்பல் சிறுத்துப் போவதைப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவில் இதற்கு நேர் எதிர்: படர்க்கையில் புகழப்பட்ட இறைவன் நடுவில் சட்டென்று முன்னிலைக்கு வருகிறான், புகழ்ச்சி வேண்டுதலாகிறது. ஏழே வசனம்! இப்படி இடம் மாறுவதைத் தொடர்பறுந்த நடை என்று சொன்ன மேலை அறிஞர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் அப்துல் ஹலீம் 1992இல் இத்தகைய இடங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று விரிவாக எழுதினார். ஓரிடத்துச் சொல் வேறிடத்துக்கு வருவதற்கு, இடவழுவமைதி என்று நம் இலக்கண நூலான நன்னூலே இடம் தந்திருக்கும்போது தமிழ் வாசகருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. வருத்தமெல்லாம், 'அவர்கள்' வரும் இடத்தில் அடைப்புக்குறி போட்டுச் சமன்செய்துவிடும் மொழிபெயர்ப்புகள் மீதுதான்.