எந்தத் தெரு, பாப்பா?

போன பொங்கலுக்கு என் பேத்தி தாவணி கேட்டாள். வயது பதினாறு, பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் படிக்கிறாள். கடைத் தாவணி கூடாதாம், என் பழைய பட்டுச் சேலையை வெட்டித் தைக்க வேண்டுமாம். கூடவே ஒரு மூக்குத்தி. அவள் அம்மா, அதாவது என் மகள், 2004-ல் இதே வயதில் தாவணி என்றாலே முகத்தைச் சுளித்தவள். ஊர்க் கொடைக்குக்கூடச் சுடிதார்தான் போட்டாள். என் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பிள்ளையெல்லாம் பழையபடி வந்துட்டு, பாத்தியா" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவர்களைப் பெற்றவர்களைவிடப் பழமைப் பிடிப்பு உள்ளவர்கள் என்ற பேச்சு இப்போது கல்யாணப் பந்தியிலும் கேட்கிறது. அக்காவைப் போன்றவர்கள் மகிழ்ந்து சொல்கிறார்கள், என் அப்பா இருந்திருந்தால் வருந்திச் சொல்லியிருப்பார். நெல்லை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷம் வரலாறு எடுத்து 2024-ல் ஓய்வு பெற்றவள் நான். இரண்டு பக்கத்தாரும் தவறான இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

தாவணியையே எடுத்துக்கொள்வோம். எனக்கு அது பள்ளிச் சீருடை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீலத் தாவணி. தோளில் ஊக்கு இல்லாமல் போனால் டீச்சர் வாசலிலேயே நிறுத்துவார். மழையில் நனைந்தால் நாள் முழுக்க ஈரத்தோடு உட்கார வேண்டும். பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. பேத்தி காலை எட்டு மணிக்கு உடுத்தி, வாசல் கோலத்தின் முன்னால் நின்று இருபது படம் எடுத்து, பத்து மணிக்கெல்லாம் ஜீன்ஸுக்கு மாறிவிட்டாள். எங்களைவிட அவள் தாவணியை ரசிக்கிறாள், மறுக்கவில்லை. தோளைவிட்டு இறங்கிய பிறகுதானே எதையும் ரசிக்க முடியும்.

அதே பெண் வயதுக்கு வந்தபோது சடங்கு மேடை, பிளக்ஸ் எதுவும் வேண்டாம் என்று அழுதே சாதித்தாள். கடையில் நாப்கினைக் கறுப்புப் பையில் சுற்றினால், "அப்படியே தாங்க அண்ணாச்சி" என்கிறாள். நான் மாதத்தில் மூன்று நாள் புழக்கடைத் திண்ணையில் தனித் தட்டோடு உட்கார்ந்தவள். அதுவும் கறுப்புச் சட்டைக்காரர் வீட்டில்! அப்பா திராவிடர் கழகத்துக்காரர். 1962-ல் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. என் பெற்றோர் சட்டப்படி கணவன் மனைவி ஆனபோது எனக்கு நான்கு வயது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் புழக்கடை, அப்பாவைப் பெற்ற ஆச்சியின் ராஜ்ஜியம். பெரியார் முன்வாசலோடு நின்றுவிட்டார்.

ஆகையால் போன தலைமுறை முற்போக்கு, இந்தத் தலைமுறை பழமை என்று யாராவது கோடு கிழித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. 2016-ல் லோக்நீதி - சி.எஸ்.டி.எஸ். அமைப்பு 19 மாநிலங்களில் 15 முதல் 34 வயது வரையுள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவி எப்போதும் கணவன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதே கேள்வியை என் பிளஸ் டூ வகுப்பில் போட்டுப் பார்த்தேன். பையன்கள் பக்கம் கை கையாக உயர்ந்தது. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஒரே வகுப்பு, ஒரே வயது, நடுவில் ஒரு நடைபாதை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே தலைமுறைதானா என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது.

கார்த்திகை மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1994-ல் ஐயப்பனுக்கு மாலை போட்டு வகுப்புக்கு வந்தவன் ஒரே ஒருவன். என் கடைசி வருஷத்தில் கடைசி இரண்டு பெஞ்சும் கறுப்பு. (அப்பா போட்ட அதே கறுப்பு. அவர் பார்த்திருக்க வேண்டும்.) மாலை போட்டவனை அதட்டக் கூடாது என்பதால், "சாமி, வீட்டுப்பாடம் எங்கே சாமி?" என்று கேட்பேன். இவர்களில் பலருடைய அப்பாக்கள் மலைக்கே போனதில்லை. தெருவில் நாலு சேக்காளி போட்டால் ஐந்தாமவனும் போடுவான். அந்த நாட்களில் புகையிலைப் பொட்டலம் கிடையாது, அம்மாவை எதிர்த்துப் பேச்சு கிடையாது. இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இனி கயிறு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மணிக்கட்டில் நிறம் நிறமாக முறுக்கிய கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று எங்கள் பக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பொட்டின் நிறம், சைக்கிளில் ஸ்டிக்கர், செல்போன் ஸ்டேட்டஸில் வைக்கும் பாட்டு எல்லாம் அதே கணக்குத்தான். ஒருமுறை பிளஸ் ஒன் பையன் ஒருவனைக் கழற்றச் சொன்னேன். "சாமி கயிறு டீச்சர், கழத்தக் கூடாது" என்றான். எந்தக் கோயில் என்றேன். விழித்தான். யார் கட்டிவிட்டது என்றேன். மாமா என்றான். மறுநாள் மாமா நாலு பேரோடு வந்தார். எங்கள் பண்பாட்டில் கை வைக்காதீர்கள் என்றார். தலைமையாசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, ஓய்வு பெறுகிற நேரத்தில் எதற்கு டீச்சர் வம்பு என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தக் கயிறு அவன் கையில் அப்படியே இருந்தது.

2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவன் தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. நெற்றிக் குறி வரை போயிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம், கயிற்றைப் பற்றிய பேச்சு அங்கே திசை மாறிப்போயிற்று. ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி பெரும்பான்மையோ அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றும் அதே அறிக்கை சொன்னது. பழைய சக ஆசிரியர்கள் என்னிடம் போனில் கயிற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் படித்தபோது யார் கையிலும் கயிறு இல்லை. சாதி இல்லாததாலா? தெருப் பெயர் சொல்லிவிடும், டீக்கடைக் கிளாஸ் சொல்லிவிடும், யார் காலில் செருப்பு இருக்கிறது, யார் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்பது சொல்லிவிடும். தனியாக எதற்குக் கயிறு? இன்றைக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீருடை, ஒரே அரசு சைக்கிள், ஒரே மாதிரி முடிவெட்டு, கையில் ஒரே மாதிரி போன். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெயரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது என்று நானே வகுப்பில் பெருமை அடித்திருக்கிறேன். ஆளைப் பார்த்தும் சொல்ல முடியாது, பெயரைக் கேட்டும் சொல்ல முடியாது என்று ஆனதும் சிலருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பெயரில் அறுத்த வாலைப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டி அனுப்புகிறார்கள்.

இதைப் பழமை திரும்பிவிட்டது என்று சொல்ல என்னால் முடியவில்லை. பழமைக்குள் இருந்தபோது அதை யாரும் கையில் கட்டிக் காட்டிக்கொண்டு திரியவில்லை. ஆனால் இதில் ஆறுதல் அடையவும் ஒன்றுமில்லை. அப்போது எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார். இப்போது ஒதுங்காமல் உட்கார்ந்து படிக்கிற பையனைத் தேடி அரிவாள் வீட்டுக்கே வருகிறது. பதினேழு வயதுக் கையில் அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டவர் பதினேழு வயதுக்காரர் இல்லை. அந்த மாமாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தலைமுறையைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் மாமாக்களிடமும் கேட்டால் நல்லது.

பொங்கலன்று மதியம் பேத்தியின் வகுப்புத் தோழி ஒருத்தி சாப்பிட வந்தாள். இரண்டு பேரும் தாவணியில் இருந்த படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டே, "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டாள். அவள் சொன்னாள். "அங்கன எந்தத் தெரு?" அந்தப் பெண் ஒரு நொடி தயங்கி, பஸ் ஸ்டாப் பெயரைச் சொன்னாள். பேத்தி நிமிர்ந்து அக்காவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் அவளிடம் கண்டதில்லை. தோழி போன பிறகு பேத்தி அடுக்களைக்கு வந்து, "அவட்ட தெருவெல்லாம் கேக்கப்படாது, பெரியாச்சி" என்றாள். அக்காவுக்கு ரோஷம். "என்னத்த கேட்டுட்டேன் இப்ப?" என்றாள்.

நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் தயங்கிய நொடியில், என்ன தெருப் பெயர் வரப்போகிறது என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.