ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு விழுந்த வாக்குகள் வீணாகவில்லை

1988ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டன: ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு என்னதான் வேண்டும்? அதே களத்தில் நின்ற மைக்கேல் டுகாகிஸிடமோ ஆல் கோரிடமோ யாரும் அப்படிக் கேட்கவில்லை. அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறவருக்கு அதிபர் பதவிதான் வேண்டும் என்பது அவர்கள் விஷயத்தில் சொல்லாமலே புரிந்தது. எந்தத் தேர்தலிலும் வென்று பதவியில் அமர்ந்திராத ஒரு கறுப்பினப் பாதிரியார் கேட்டபோது மட்டும் அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கருத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. 1984, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல்களில் ஜாக்சன் நின்றது ஓர் அடையாளப் போட்டிதான். அவருக்குக் கிடைத்தது கறுப்பின மக்களின் குமுறல் வாக்கு. அதற்குப் பின்னால் அமைப்பு ஏதும் இல்லை. கட்சிக்கு அதனால் நஷ்டம். கடைசியில் மிஞ்சியது ஒன்றுமில்லை. தலைமைக்கு வெளியிலிருந்து யார் வந்து நின்றாலும், அவருக்காகச் சாதாரண மக்கள் உழைத்தாலும், இன்றும் இதே வார்த்தைகளால்தான் அவர்களைத் தள்ளிவைக்கிறார்கள். அதனால் இந்தக் கருத்தை ஒவ்வொரு கூறாக எடுத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

கறுப்பின வாக்கு மட்டும்தான் என்பது முதல் கூற்று. 1984க்கு இது பெருமளவு பொருந்தும். 1988க்குப் பொருந்தாது. அந்த ஆண்டு அவர் பெற்றவை ஏறத்தாழ 69 லட்சம் வாக்குகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்றதைப் போல இரண்டு மடங்கு. மொத்தத்தில் 29 சதவீதம். வெள்ளையர் வாக்கில் மட்டும் சுமார் 12 சதவீதம் அவருக்கு விழுந்ததாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின. அவர் வென்ற பதினொரு போட்டிகளில் வெர்மான்ட்டும் ஒன்று. அங்கே நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் வெள்ளையர்கள்.

இது எப்படி நடந்தது என்பதை அயோவாவில் பார்க்கலாம். எண்பதுகளின் நடுவில் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். வட்டி ஏறியிருந்தது, நிலத்தின் விலை சரிந்திருந்தது, பண்ணைகள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1986இல் மிசூரி மாநிலத்துச் சில்லிகாதியில் அரசாங்கக் கடன் அலுவலகத்தின் முன் விவசாயிகள் போராடியபோது அங்கே போய் நின்றவர் ஜாக்சன். அடுத்த தேர்தலுக்கு அயோவாவில் தன் தலைமை அலுவலகத்தை எந்தப் பெரிய நகரத்திலும் வைக்காமல் கிரீன்ஃபீல்ட் என்ற சிற்றூரில் வைத்தார். 1984இல் அயோவாவில் அவருக்குக் கிடைத்தது ஒன்றரை சதவீதம். 1988இல் ஏறத்தாழ ஒன்பது. வெற்றி இல்லைதான். ஆனால் கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் மாநிலத்தில் ஆதரவு இப்படி வளர்ந்ததை இனக் குமுறல் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

விஸ்கான்சினின் கெனோஷா நகரில் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார் ஆலையை மூடப்போவதாக 1988 ஜனவரியில் அறிவித்தது. ஆயிரக்கணக்கான வேலைகள் போகவிருந்தன. ஜாக்சன் அங்கே சென்று தொழிலாளர்களிடம் பேசினார். மெய்ன் மாநிலத்தின் ஜே நகரில் காகித ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோதும் அவர்களிடம் போயிருந்தார். மற்ற வேட்பாளர்கள் தொலைக்காட்சி விளம்பரங்களில் வந்துபோய்க்கொண்டிருந்தபோது இவர் ஆலை வாசலில் நின்றார். விஸ்கான்சினில் 28 சதவீதம் வாக்கு விழுந்தது. அங்கே கறுப்பின மக்கள் சுமார் ஐந்து சதவீதம்தான். வேலையை இழக்கப்போகிற வெள்ளைக்காரத் தொழிலாளி தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்த்துப் போட்ட வாக்கு அது. அதை அடையாள வாக்கு என்பது அந்த மனிதரை அவமதிப்பது.

இரண்டாவது கூற்று, அமைப்பு இல்லை, கூட்டம்தான் இருந்தது என்பது. இப்படிச் சொல்பவர்கள் அமைப்பு என்றால் சம்பளம் வாங்கும் ஆலோசகர்களும் கருத்துக்கணிப்பாளர்களும் என்று நினைக்கிறார்கள். ஜாக்சனுக்கு இருந்தவை தேவாலயங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும். அதில் விழும் டாலர் நோட்டுகளே பிரசாரப் பணம். வாக்காளர் பதிவுப் படிவம் அதே வளாகத்தில் நிரப்பப்படும். வாக்குப்பதிவு நாளில் மக்களை ஏற்றிச் செல்வதும் அதே சபையார்தான். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கம் இருபது முப்பது ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த வலைப்பின்னல் இது. மார்ட்டின் லூதர் கிங்கோடு வேலை செய்த ஜாக்சன் அதை நன்றாக அறிந்தவர்.

அந்த வலைப்பின்னல் தலைவர்களின் சொற்படி ஆடியது என்றும் சொல்ல முடியாது. 1984இல் டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங், பர்மிங்ஹாம் மேயர் ரிச்சர்ட் ஆரிங்டன் போன்ற செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவர்கள், அந்த ஆண்டு கட்சியின் வேட்பாளரான வால்டர் மாண்டேலின் பக்கம் நின்றார்கள். வெற்றி பெறக்கூடியவரோடு இருப்பதே தம் மக்களுக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. அது நியாயமற்ற கணக்கும் அல்ல. ஆனால் நாடு முழுவதும் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் ஜாக்சனுக்கே வாக்களித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஆரிங்டனும் ஜாக்சன் பக்கம் வந்தார். இங்கே யார் யாரை வழிநடத்தினார்கள் என்பது தெளிவு.

1988 மார்ச் 8ஆம் தேதியின் ‘சூப்பர் டியூஸ்டே’யையும் சொல்ல வேண்டும். தென் மாநிலங்கள் பலவற்றின் பிரைமரிகளை ஒரே நாளில் வைத்தால் மிதவாதியான ஒரு தென்னாட்டு வேட்பாளர் மேலே வருவார் என்று கட்சிப் பெரியவர்கள் திட்டமிட்டு உருவாக்கிய நாள் அது. அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா ஆகிய ஐந்தையும் அன்று வென்றவர் ஜாக்சன். பதினெட்டு நாள் கழித்து மிச்சிகனில் நடந்தது காக்கஸ், அதாவது ஊர்தோறும் கட்சியினர் கூடி நடத்தும் வாக்கெடுப்பு. அதில் அவருக்கு 55 சதவீதம்; டுகாகிஸுக்கு அதில் பாதியை ஒட்டித்தான். சில நாட்களுக்கு ஜாக்சனே கட்சியின் வேட்பாளராகிவிடுவாரோ என்ற பதற்றம் தலைமையைப் பிடித்துக்கொண்டது. அமைப்பு இல்லாத கூட்டத்தைப் பார்த்து யாரும் அப்படிப் பதறுவதில்லை.

அவருடைய குறையை மறைத்துவிட்டு இந்த வாதத்தைத் தொடர நான் விரும்பவில்லை. 1984 தொடக்கத்தில் தனிப்பேச்சில் யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை ஜாக்சன் பயன்படுத்தினார். முதலில் மறுத்தார், பிறகு நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு யூத ஆலயத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். யூத மக்களுக்கு ஏற்பட்ட காயம் உண்மையானது. அந்த அவநம்பிக்கைக்கு அவரே காரணம். ஆனால் இந்தக் குற்றத்தை எடுத்து அவருக்கு வாக்களித்த பல லட்சம் பேர்மீதும் சுமத்துவது வேறு காரியம். கெனோஷாவின் ஆலைத் தொழிலாளியும் அலபாமாவின் தேவாலயப் பாட்டியும் அந்தச் சொல்லுக்காக வாக்களிக்கவில்லை.

கட்சியைப் பலவீனப்படுத்தினார், ஓட்டைப் பிரித்தார் என்பது மூன்றாவது கூற்று. 1984இல் ரொனால்ட் ரீகன் 49 மாநிலங்களை வென்றார். அந்த அலையில் ஜாக்சன் நின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் மாண்டேலின் கதி மாறியிருக்காது. பார்க்க வேண்டியது அடுத்த தேர்தல். 1986இல் ஜனநாயகக் கட்சி செனட்டைத் திரும்பப் பிடித்தது. அலபாமாவில் ரிச்சர்ட் ஷெல்பி ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜார்ஜியாவில் வைச் ஃபௌலர், லூசியானாவில் ஜான் புரோ, வட கரோலினாவில் டெரி சான்ஃபோர்ட். நால்வரும் வெள்ளையர்கள், ஆனால் வெள்ளையர் வாக்கை மட்டும் எண்ணினால் இவர்கள் தோற்றிருப்பார்கள். கறுப்பின வாக்காளர்களின் பெருந்திரளான ஆதரவே இவர்களைக் கரை சேர்த்தது. வாக்காளர் பதிவுக்குப் பல அமைப்புகள் உழைத்தன. எல்லாப் பெருமையையும் ஜாக்சனுக்கே கொடுக்க முடியாது. ஆனால் பதிவு செய்துகொள்ள ஒரு காரணம் வேண்டுமே. 1983, 84இல் தெற்கு முழுவதும் அவர் ஊர் ஊராகப் போனபோது அந்தக் காரணத்தைக் கொடுத்தார்.

1987இல் ரீகன், ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். சிவில் உரிமைச் சட்டங்களை எதிர்த்து எழுதியவர் போர்க். அக்டோபர் 23ஆம் தேதி செனட் அவரை 58–42 என்ற கணக்கில் நிராகரித்தது. மேலே சொன்ன நால்வரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். தங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்த ஆன்டனி கென்னடிதான் 2015இல் ஒரே பாலினத்தவரின் திருமண உரிமையை அங்கீகரித்த தீர்ப்பை எழுதியவர். தேவாலயத்தின் படிக்கட்டில் நிரப்பிய ஒரு படிவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, மிக உரக்கச் சொல்லப்படும் கூற்று: தோற்றார், அதனால் மிஞ்சியது ஒன்றுமில்லை.

பிரைமரியில் வாக்கு நேராக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்குக்கு ஏற்பப் பிரதிநிதிகள் ஒதுக்கப்படுவார்கள். அவர்கள் மாநாட்டில் கூடி வேட்பாளரை அறிவிப்பார்கள். அந்த ஒதுக்கீட்டு விதியில்தான் சூட்சுமம். 1984இல் மாண்டேல் பெற்றது சுமார் 38 சதவீத வாக்கு. சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவருக்குக் கிடைத்ததோ சுமார் 56 சதவீதப் பிரதிநிதிகள். ஜாக்சன் பெற்றது 18 சதவீத வாக்கு. பிரதிநிதிகள் 12 சதவீதம். பல இடங்களில் 20 சதவீதத்தைத் தொடாதவருக்கு ஒரு பிரதிநிதியும் கிடையாது. முதலில் வந்தவருக்கே எல்லாம் அல்லது கூடுதல் பங்கு என்ற ஏற்பாடுகளும் இருந்தன.

1988இல் டுகாகிஸிடம் தோல்வி உறுதியான பிறகு ஜாக்சன் தன் 29 சதவீதத்தின் பலத்தை வைத்து இந்த விதியை மாற்றக் கேட்டார். டுகாகிஸின் தரப்பு ஒத்துக்கொண்டது. அதன்பிறகு ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலங்களிலும் வாக்கு விகிதப்படியே பிரதிநிதிகள் என்றானது. குறைந்தபட்சத் தகுதி 15 சதவீதம். அன்று இந்தச் செய்தி யாருடைய கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 2008இன் பிரைமரிகளில், ஹிலாரி கிளின்டன் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, ஒஹாயோ, பென்சில்வேனியா என்று பெரிய மாநிலங்களை அடுக்கடுக்காக வென்றார். முதலில் வருபவருக்கே அனைத்தும் என்ற விதி இருந்திருந்தால் போட்டி அங்கேயே முடிந்திருக்கும். விகிதாசார விதியில் தோற்ற மாநிலத்திலும் பராக் ஒபாமா தன் பங்கை எடுத்தார். பிப்ரவரி 5ஆம் தேதி நியூ ஜெர்சியை வென்றதால் கிளின்டனுக்குக் கிடைத்த கூடுதல் 11 பிரதிநிதிகள். அதே நாளில் ஐடஹோ என்ற சின்ன மாநிலத்தின் காக்கஸை வென்றதால் ஒபாமாவுக்குக் கூடுதல் 12. அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபர் நின்ற தரை, 1988இல் தோற்றவர்கள் போட்ட தரை.

ஆட்களும் மிஞ்சினார்கள். ஜாக்சனின் மாநாட்டுப் பொறுப்பாளராக இருந்த ரான் பிரவுன் 1989இல் கட்சியின் தேசியத் தலைவரானார். பெரிய கட்சி ஒன்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 1988இல் ஜாக்சன் முதலிடம் பிடித்த நியூயார்க் நகரில் அடுத்த ஆண்டே டேவிட் டிங்கின்ஸ் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜாக்சன் வென்ற வர்ஜீனியாவில் அதே 1989 நவம்பரில் டக்ளஸ் வைல்டர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மினசோட்டாவில் ஜாக்சனின் பிரசாரத்தை முன்னின்று நடத்திய பேராசிரியர் பால் வெல்ஸ்டோன், 1990இல் ஒரு பழைய பச்சைப் பள்ளிப் பேருந்தில் சுற்றி, தன்னைவிடப் பல மடங்கு பணம் செலவழித்த பதவியிலிருந்த செனட்டரைத் தோற்கடித்தார். 2002இல் இராக் போருக்கு எதிராக வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கருத்தில் ஒரே ஓர் இடத்தில் உண்மை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ‘வானவில் கூட்டணி’ என்ற பெயரில் மாநிலம் மாநிலமாக எழுந்த குழுக்கள் 1989க்குப் பிறகு வாடிப்போயின. ஜாக்சனே அவற்றைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்றார். தாங்களாகக் கூடி வேலை செய்து பழகியவர்கள் விலகிப்போனார்கள். அந்தப் பெரிய வாய்ப்பு கைநழுவியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஆனால் அது தலைவர் செய்த தவறு. தேவாலயத்திலும் ஆலையிலும் பண்ணையிலும் அவருக்காக உழைத்தவர்களுக்கு ஊக்கம் வற்றியதால் நேர்ந்தது அல்ல.

ஜாக்சன் 1988இல் கேட்ட இன்னொன்றும் அப்போது முழுமையாகக் கிடைக்கவில்லை. யாருடைய வாக்குக்கும் கட்டுப்படாமல் மாநாட்டில் தம் விருப்பப்படி வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்களை ‘சூப்பர் டெலிகேட்’ என்பார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் டுகாகிஸின் பக்கம் போயிருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கையைக் குறைப்பதாகக் கொடுத்த வாக்குறுதியைக் கட்சி பிறகு கைவிட்டது. 2016இல் வேறொரு வெளியாளுக்காக உழைத்தவர்கள் அதே சுவரில் மோதினார்கள். தேர்தல் முடிந்தும் அவர்கள் கலைந்துபோகாமல் கட்சிக் குழுக்களில் உட்கார்ந்து வாதாடினார்கள். 2018 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஜாக்சனின் ஊரான சிகாகோவில் கூடிய கட்சியின் தேசியக் குழு, மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் முடிவைத் தீர்மானிக்க முடியாதபடி விதியை மாற்றியது. அந்த வெளியாள் பெர்னி சாண்டர்ஸ். 1988இல் வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகர மேயராக இருந்தவர். எந்தக் கட்சியிலும் சேராதவராக இருந்தும் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்குப் போய் ஜாக்சனுக்காகப் பேசியவர்.