ஆடுறது நாங்க, எழுதுறது யாரு?

"விளையாட்டுக்குச் சாதி கிடையாது" என்று மேடையேறிப் பேசுகிறவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. கழுத்தில் சால்வை கிடக்கும், பேச்சு தேனாய் ஒழுகும். மறுநாள் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு அரசுப் பள்ளிக் கபடி அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்து வந்திருக்கும். தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், பரிசு கொடுத்தவர் பெயர், நன்றி சொன்னவர் பெயர், எல்லாம் இருக்கும். மண்ணில் விழுந்து புரண்ட ஏழு பேர் பெயர் மட்டும் இருக்காது. "மாணவிகள் வெற்றி பெற்றனர்." தீர்ந்தது. கட்டணம் வாங்குகிற தனியார் பள்ளி என்றால் மட்டும் பையன் பெயர், அப்பன் பெயர், படம், பள்ளித் தாளாளர் வாழ்த்து என்று பத்தி நீளும்.

இடம் பத்தவில்லை என்பார்கள். இடம் இருக்கிறது. எழுதுகிற கை யாருடையது என்பதுதான் கேள்வி.

எங்கள் வளவுப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தா வெற்றிலைக் கொடிக்காலிலும் கரும்புக் காட்டிலும் வாழைத் தோப்பிலும் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு புள்ளையின் பெயர் அச்சில் வந்தால் அந்தத் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். இது வெறும் பெருமையில்லை. நல்ல காலணி வாங்கித்தர ஒரு ஆளைத் தேடும்போதும், கல்லூரியில் இடம் கேட்டு நிற்கும்போதும், "இந்தப் புள்ள ஆடுவா" என்பதற்கு அது ஒரு சாட்சி. சான்றிதழ் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். செய்தியோ டீக்கடையில் நாலு பேர் வாயில் புரளும். வீட்டில் "படிச்சது போதும், மாப்பிள்ளை பாக்கலாம்" என்று பேச்செடுக்கும்போது அந்தத் துண்டுக் காகிதம் ஒரு வருசமாவது தள்ளிப்போட உதவும். பேர் வராத புள்ளைக்கு அந்த ஒரு வருசமும் இல்லை.

சரி, நாமே எழுதலாமே என்று போனால்?

உள்ளூர்ப் பக்கத்துக்குப் பள்ளி விளையாட்டுச் செய்தி எழுதப் பகுதிநேர ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஒரு பத்திரிகை அலுவலகத்தின் படியேறினேன். அந்த வேலைக்கு விளம்பரம் எதுவும் வரவில்லை. மாமன் மச்சான் வாய்வழியாகவே சேதி நடந்துகொண்டிருந்தது. பட்டச் சான்றிதழ், மாவட்டப் போட்டியில் கபடி ஆடிய சான்றிதழ், நானே எழுதிய மூன்று போட்டிச் செய்திகள், இவ்வளவும் கையில் இருந்தன. எதையும் புரட்டிப் பார்க்கவில்லை.

"எந்த ஊருங்க தம்பி?"

சொன்னேன்.

"ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"நீங்க என்ன கூட்டம்?"

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை தெரியாது. கூட்டம் என்றால் கவுண்டர்களின் குலப்பிரிவு. பதில் சொன்னால் பங்காளி, மாமன் முறை வரைக்கும் தெரிந்துபோகும். பதில் இல்லாதவன் யார் என்பது அதைவிடச் சீக்கிரம் தெரிந்துபோகும். சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதி கேட்கிற சாமர்த்தியம் இது. அந்த நொடியில் "நீங்க" என்பது "நீ" ஆனது.

"தாளாளருங்க வூட்டுக்கெல்லாம் போவோணும், பாத்துக்க. தீவாளி பொங்கலுக்கு விளம்பரம் புடிக்கோணும். வெல்ல மண்டியில நீ போயிக் கேட்டாக் குடுப்பாங்களா? உனக்கு எதுக்கப்பா இந்தப் பொழப்பு?"

அக்கறையாகத்தான் கேட்டார்! தீண்டாமை இப்போது அக்கறை வேசம் கட்டிக்கொண்டுதான் வருகிறது.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். வேலைக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்கு ஏதோ கொஞ்சம், பிடித்த விளம்பரத்துக்குக் கமிஷன். விளம்பரம் கொடுக்கிற கை கடைக்காரர் கை, மண்டிக்காரர் கை, பள்ளிக்கூடத்து முதலாளி கை. அந்தக் கை எந்தத் தெருவுக்குள் நீளும், எந்தத் தெருவுக்குள் நீளாது என்பது ஊருக்கே தெரியும். ஆக, பத்திரிகைக்காரர் சாதி பார்க்கவே வேண்டாம். "நாங்க வியாபாரந்தானுங்க பாக்கறோம்" என்று சத்தியம் பண்ணலாம். சாதி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பிறகு தகுதி என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதையும் பார்த்துவிடுவோம். கபடிச் செய்தி எழுத என்ன தகுதி வேண்டும்? போனஸ் கோடு எது, பாடிப் போனவளை எத்தனை பேர் பிடித்தார்கள், கடைசி நிமிசத்தில் எந்தப் பிடியால் ஆட்டம் திரும்பியது என்று தெரிய வேண்டும். ஆடியவர் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். இதெல்லாம் முழங்கால் தேய்ந்தவனுக்குத் தெரியுமா, முன்வரிசை நாற்காலியில் பொன்னாடைக்குக் காத்திருக்கிறவருக்குத் தெரியுமா?

இது வேலூர்க்கதை மட்டுமில்லை. 1996இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் டெல்லி நிருபராக இருந்த கென்னத் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், ஒரு தலித் பத்திரிகையாளரோடு பேச வேண்டும், காட்டுங்கள் என்று பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கேட்டார். முப்பது வருசத் தொழிலில் ஒரு தலித் நிருபரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலை எடுத்தார். 686 பேரில் 454 பேருக்குப் பெயரோடு மேல்சாதிப் பட்டம் ஒட்டியிருந்தது. மீதியில் 47 பேரை விசாரித்தார். ஒருவர்கூடத் தலித் இல்லை. 2006இல் டெல்லியில் 37 ஊடகங்களின் முடிவெடுக்கும் பொறுப்பாளர்கள் 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித் பூச்சியம், பழங்குடி பூச்சியம். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தன. 106 மேல்சாதியிடம். தலித், பழங்குடி மறுபடியும் பூச்சியம். அந்த உயரத்துக்கு ஏறுகிற ஏணியின் முதல் படிதான் இந்தப் பள்ளி விளையாட்டுச் செய்தி. அடிப்படியிலேயே காலை வெட்டிவிட்டு, உச்சியில் ஏன் ஆளில்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறார்கள்!

ஆட்டக்காரர்கள் நம்மில் எப்போதும் உண்டு. பல்வங்கர் பாலு தோல் வேலை செய்கிற சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். புனேயில் அவர் வீசின பந்தைக் கூட ஆடினவர்கள் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். இந்து அணிக்குத் தலைமை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா ஹாக்கியில் ஹாட்ரிக் கோல் போட்டார். அரையிறுதியில் அணி தோற்றதும் ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டுமுன் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். ஜெயித்தால் தேசம், தோற்றால் சாதி. நாடறிந்தவருக்கே இந்தக் கதி என்றால், குறுவட்டப் போட்டியில் ஆடுகிற புள்ளைக்கு நடப்பதை யார் எழுதுவார்கள்?

"உங்களுக்கென்று தனிப் பத்திரிகை நடத்திக்கொள்ளுங்களேன்" என்கிறார்கள். நடத்தியிருக்கிறோம் சாமி! 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம், விளம்பரமாகவாவது போடுங்கள் என்று கேட்டும் திலகரின் 'கேசரி' மறுத்தது. நம் காசுகூட அவர்களுக்குத் தீட்டு. நம் பத்திரிகை நமக்கு வேண்டும், விடமாட்டோம். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் கிடக்கிற நாளேடு ஊர்ப்பொது. அதில் வரும் அரசு டெண்டர் விளம்பரம் எங்கள் வரிப்பணமும் சேர்ந்தது. பொதுக்காசு வாங்குகிறவன் பொதுக்கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் செய்திப் பிரிவுகளில் கறுப்பர் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை என்று 1968இல் கெர்னர் கமிஷன் சொன்னது. 1978 முதல் அங்கே பத்திரிகை ஆசிரியர் சங்கமே தலை எண்ணத் தொடங்கியது. 2000க்குள் மக்கள்தொகை விகிதத்தை எட்டுவோம் என்றது, எட்டவில்லை. ஆனாலும் எண்ணினார்கள், எண்ணிக்கையை வெளியிட்டார்கள். இங்கே எண்ணவே பயம்.

நாம் கேட்பது சலுகை இல்லை. ஆள் வேண்டுமென்றால் அதைப் பத்திரிகையிலேயே அச்சிட்டுக் கேளுங்கள். செய்தி எழுதுகிறவன் தலையில் விளம்பரம் பிடிக்கிற வேலையைக் கட்டாதீர்கள், எழுதுவதற்குக் கூலி கொடுங்கள். அரசு விளம்பரம் வாங்குகிற ஒவ்வொரு பத்திரிகையும் தன்னிடம் எத்தனை தலித் நிருபர்கள் என்று வருசா வருசம் வெளியிடட்டும். செய்தியில் முதலில் ஆடியவர் பெயர், பரிசு கொடுத்தவர் பெயர் இடமிருந்தால் கடைசியில்.

படித்துவிட்டு வீட்டில் இருக்கிற தம்பி தங்கைகளே, விண்ணப்பம் போடுங்கள். ஒருத்தர் போனால் கூட்டம் கேட்டு அனுப்பிவிடுவார்கள். பத்துப் பேர் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். என்ன கூட்டம் என்று வாயால் கேட்கிறவரால் அதைக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.