மனைகள் எப்போது ஊராகும்?

தஞ்சாவூரைப் பெரிய கோயிலாலும் அரண்மனையாலும் மட்டுமே அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி வியப்பளிக்கலாம். அந்நகரத்தைத் தம் ஊர் என்று சொல்லிக்கொள்வோரில் கணிசமானோர் மாநகராட்சியின் எல்லைக்குள் வசிப்பதில்லை. தெற்கிலும் மேற்கிலும், ஒரு தலைமுறைக்கு முன்பு மானாவாரிப் புன்செயாகக் கிடந்த செம்மண் மேடுகளில், 'நகர்' என்று முடியும் பெயர்ப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அப்படியொரு நகரில்தான் இருபது ஆண்டுகளாக நானும் வசிக்கிறேன். எங்கள் அஞ்சல் முகவரியில் தஞ்சாவூர் இருக்கிறது. வீட்டுவரி ரசீதில் ஊராட்சியின் பெயர் இருக்கிறது. இந்த இரட்டை முகவரிக்குள் ஓர் அரசியல் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

1866-இல் நகராட்சியான தஞ்சாவூர், 2014-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை சுமார் 2.22 லட்சம். ஆனால், நகரத்தின் உண்மையான வளர்ச்சி எல்லைக்கோட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. 1959-இல் வந்த மருத்துவக் கல்லூரியும் 1981-இல் வந்த தமிழ்ப் பல்கலைக்கழகமும் நகரத்தைப் பழைய கோட்டைப் பகுதியிலிருந்து வெளியே இழுத்தன. பிள்ளைகளின் படிப்புக்காக ஒரத்தநாடு, பாபநாசம், பட்டுக்கோட்டைப் பக்கத்து உழவர் குடும்பங்கள் வந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்தனர். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர்கள் மனை வாங்கி வீடு கட்டி, பெற்றோரைக் குடிவைத்தனர். ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர் வேறெங்கோ இருக்கிறது. பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் அங்கே போய்விடுகிறார்கள். மற்ற நாள்களில் வாழும் இடம் வெறும் வசிப்பிடமாகவே இருக்கிறது.

இதை இப்போது பேசவேண்டிய காரணம் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. அதே காலத்தில், மாநிலத்தின் பல மாநகராட்சிகளுடன் சுற்றியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இணைக்கும் நடவடிக்கையையும் அரசு மேற்கொண்டது. பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. அந்த விவாதத்தைக் கூர்ந்து கவனித்தால், ஒரே ஊராட்சிக்குள் இரண்டு குரல்கள் கேட்கும். நகர்வாசிகளில் பலர், பாதாளச் சாக்கடையும் காவிரிக் குடிநீரும் வரும் என்று இணைப்பை விரும்புகிறார்கள். பழைய ஊரின் மக்களோ, ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வரி ஏறும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டுமே நியாயமானவை. ஆனால், இரு தரப்பும் ஒரே பந்தலில் உட்கார்ந்து இதைப் பேசியதாகக் கேள்விப்படுவது அரிது.

காரணம், நகரும் ஊரும் அருகருகே இருந்தும் அறிமுகமற்றவை. எங்கள் தெருவில் குப்பையெடுக்கும் தூய்மைக் காவலர் பழைய ஊரைச் சேர்ந்தவர். அவரும் நாங்களும் ஒரே ஊராட்சியின் வாக்காளர்கள். ஆனால், ஒரு வாக்காளர் இன்னொரு வாக்காளரிடம் பேசுவதுபோல எவரும் அவரிடம் பேசியதில்லை. நகரின் பிள்ளைகள் காலையில் தனியார் பள்ளிப் பேருந்துகளில் ஏறிப் போகிறார்கள். ஒரு கிலோமீட்டரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை அவர்கள் பேருந்தின் சன்னலிலிருந்து பார்த்திருக்கலாம். நியாயவிலைக் கடை மட்டுமே இரு சாராரும் ஒரே வரிசையில் நிற்கும் இடம்.

நகருக்குள் பொதுவாழ்வு இல்லாமல் இல்லை. சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான குடியிருப்போர் நலச் சங்கம் ஏறக்குறைய ஓர் உள்ளாட்சியைப்போல இயங்குகிறது. தெருவிளக்குக்கு மனு, மழைநீர் வடிய வாய்க்கால், கண்காணிப்புக் கேமரா, பிள்ளையார் கோயில் திருப்பணி என அதன் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற சிலர் தம் காசைச் செலவழித்து அரசு அலுவலகங்களுக்கு அலைகிறார்கள். ஆனால், எங்கள் சங்கத்தில் வீட்டு உரிமையாளருக்கு மட்டுமே வாக்கு. பத்தாண்டுகளாக வாடகைக்கு இருக்கும் செவிலியருக்கும், மாடி அறையில் தங்கியிருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் வாட்ஸ்அப் குழுவில்கூட இடமில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் "எந்த ஊர்?" என்று தொடங்கும் விசாரணை எதை அறிவதற்காக என்பதைக் கேட்பவரும் அறிவார், சொல்பவரும் அறிவார். சாதியை ஊரில் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று சொல்லும் நகர், அதை 'டூ-லெட்' பலகைக்குப் பின்னால் வைத்திருக்கிறது.

சேர்ந்து வாழத் தெரியாதவர்கள் அல்ல நாம். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் எங்கள் பகுதியில் மின்சாரம் சில நாள்கள் இல்லை. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு இருந்தும் ஒரு குடம் தண்ணீருக்கு வழியில்லை. பழைய ஊரின் அடிகுழாயில்தான் நகர் முழுவதும் குடத்துடன் நின்றது. யார், எவர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மின்சாரம் வந்த மறுநாள் அந்தப் பாதையில் மீண்டும் ஆள் நடமாட்டம் இல்லை. இடர் சேர்த்துவைத்ததை இயல்புநாள் பிரித்துவிட்டது.

அந்த அடிகுழாய் வரிசைக்கு நிகரான ஒன்றைச் சட்டம் நிரந்தரமாகவே தந்திருக்கிறது. அதற்குக் கிராம சபை என்று பெயர். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். உரிமையாளர், வாடகைதாரர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. தெருவின் பெயர் பொருட்டில்லை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடவேண்டும். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய ஊராட்சியில் 300 பேர் வந்தால் போதும். அந்த 300 பேரில் நகர்களிலிருந்து வருவோரை விரல்விட்டு எண்ணலாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரிந்த படித்த கூட்டம், தீர்மானம் நிறைவேற்றும் அதிகாரம் தன் கையில் இருப்பதை அறியாமல் இருக்கிறது.

மாநகராட்சியோடு இணைந்தால் இந்த உரிமை வேறு வடிவம் பெறும். பகுதி சபைகளைத் தமிழ்நாடு 2022-இல் தொடங்கியது வரவேற்கத்தக்கது. முதல் கூட்டங்கள் அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி நடந்தன. ஆனால், கிராம சபைக்கு அரசமைப்பிலேயே இடம் இருக்கிறது. பகுதி சபைக்கு அந்த வேர் இல்லை. அதன் பிரதிநிதியும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், நியமிக்கப்படுபவர். குழாயும் சாக்கடையும் வரும்போது கூடவே நாம் எதை இழக்கிறோம் என்ற கணக்கு நகர்வாசிகளின் கையில் இருக்கவேண்டும்.

இணைப்பே கூடாது என்பது என் வாதமன்று. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருக்கும் மேட்டில், வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி கட்டி நெடுங்காலம் வாழ இயலாது. ஆனால், எல்லைக்கோட்டை மாற்றும் முன், அந்த ஊராட்சியின் கிராம சபையில் வரவு, செலவு, வரி உயர்வு, கிடைக்கும் வசதி ஆகியவற்றின் முழுக் கணக்கையும் அரசு வைக்கவேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் எடுக்கப்படும் முடிவுக்கு இந்தக் கடமை இரு மடங்கு.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் தம் விதிகளில் ஒரு வரியைத் திருத்தி வாடகைதாரருக்கும் வாக்கு தரலாம். மனைப்பிரிவில் பத்து விழுக்காடு பொது இடம் ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதித் தரப்பட்டிருந்தால், அந்த நிலம் சங்கத்துக்கு உரியதன்று. ஊராட்சி முழுமைக்கும் உரியது. கருவேலம் மண்டிக்கிடக்கும் அந்தப் பூங்கா இடத்தைத் திருத்தி, பழைய ஊரின் பிள்ளைகளும் விளையாடும் திடலாக்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைந்த ஒரு நகர், பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு வாரம் ஒரு மணிநேரம் தருவது கடினமும் அன்று.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் மனையை வாங்கலாம்; ஊரை வாங்க முடியாது. அடுத்த கிராம சபைக்கு நம் தெருவிலிருந்து எத்தனை பேர் போகிறோம் என்பதே, மாநகராட்சியோ ஊராட்சியோ, நம்மை யாராவது குடிமக்களாக நடத்துவார்களா என்பதைத் தீர்மானிக்கும்.