பின்னால் வரும் காருக்கும் பிரேக் வேண்டும்



இது அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கான பதிவு. ஊரில் இருப்பவர்களும் படிக்கலாம். நான் வகுப்பில் நடத்திய அதே அறிவியல்தான்.

டென்வரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் கடை கண்ணிக்கு அதை எடுத்துப் போக முடியாதே! அதனால் பின்னால் ஒரு ஜீப்பை மாட்டி, நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறார்கள். "சார், பெரிய வண்டி பத்து டன், ஜீப் இரண்டு டன்தான். பெரிய வண்டியின் பிரேக்கே போதாதா?" என்று கேட்டான்.

போதாது தம்பி. அந்த பிரேக் அந்த வண்டியின் சுமைக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. நீ பெடலை மிதிக்கும்போது பின்னால் இரண்டு டன் உன்னைத் தள்ளிக்கொண்டே வரும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்தாயே, 60 மைலில் போகிற வண்டி 65-க்குப் போனால் ஆற்றல் சுமார் 17 சதவீதம் கூடிவிடும். அதோடு ஐசனோவர் சுரங்கப்பாதையிலிருந்து டென்வர் பக்கம் இறங்கும் ஐ-70 சாலையை நினைத்துப் பார். 11,000 அடி உயரத்திலிருந்து இறக்கம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி இறக்கத்தில் மாட்டைத் தள்ளுமே, அதே கதைதான்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல இடங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் என்றால் பிரேக் கட்டாயம். சட்டம் கேட்காத மாநிலத்துக்குள் நுழைந்ததும் ஜீப்பின் எடை குறைந்துவிடாது.

சரி, எதை வாங்குவது? டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதன் கை நீண்டு பெடலை மிதிக்கும். கார் மாற்றினாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வைத்து, சரிசெய்து, பிறகு எடுக்க வேண்டும். மழை பெய்கிற காலையில் "பக்கத்து ஊர்தானே" என்று மனம் சொல்லும். நாற்பது பிள்ளைகளை மேய்த்த எனக்கு மனித சுபாவம் தெரியும். அதனால் காருக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்துவதுதான் என் கட்சி. மோட்டார் ஹோமில் ஏர் பிரேக் இருந்தால் அந்தக் காற்றையே பயன்படுத்தும் கருவியை வாங்கு. பெட்ரோல் வண்டி என்றால் பெரும்பாலும் ஏர் பிரேக் இருக்காது. அதற்கு மின்சாரத்தில் இயங்கும் வகை உண்டு.

எந்த வகையானாலும், நீ மெல்ல மிதித்தால் அதுவும் மெல்ல, அழுத்தி மிதித்தால் அழுத்தி மிதிக்க வேண்டும். எப்போதும் ஒரே அழுத்தம் கொடுக்கிற கருவி நீண்ட இறக்கத்தில் ஜீப்பின் பிரேக்கைச் சுட்டுவிடும். இஞ்சின் ஓடாத காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், அதை இந்தக் கருவி எப்படிச் சமாளிக்கிறது என்று கடைக்காரரைக் கேள். இழுத்துப் போகும்போது காரின் பேட்டரி இறங்காமல் சார்ஜ் ஆக வழி இருக்கிறதா என்றும் கேள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது பிரேக்-அவே சுவிட்ச். இணைப்பு அறுந்து ஜீப் தனியாகப் போனால், கம்பி இழுபட்டு ஜீப் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அந்தக் கம்பியை இழுக்கும் சட்டத்தில் கட்டாதே, மோட்டார் ஹோமிலேயே கட்டு. சட்டமே கழன்று போனால் கம்பியும் அதோடு போய்விடும். உன் வண்டியில் இருப்பது உன் குடும்பம், எதிரே வருவதும் ஒரு குடும்பம்தான். ஆயிரத்துச் சொச்சம் டாலரை இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மாட்டிய பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்துப் பார். முதல் பயணத்தில் இருபது மைல் போனதும் நிறுத்தி, ஜீப்பின் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோ. அனல் அடித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது என்று அர்த்தம். சரிசெய்யாமல் மேலே நகராதே.

இப்படி கார் இழுத்துப் போகிறவர்கள் வேறு யாராவது இருந்தால், எந்த வகை வைத்திருக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அவன் படிப்பான்.