கட்டைவிரல் அளவுள்ள பூங்கொத்தி

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையேயுள்ள மண்டகப்பட்டுக்குச் செல்வோர் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலைக் கண்டு திரும்புகின்றனர். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி அதனை எழுப்பியதாக மன்னன் அங்கே கல்லில் பொறித்துள்ளான். இவை எவையுமின்றியே வீடு கட்டும் சிற்றுயிர் ஒன்று அவ்வட்டாரத்து மரங்களிலும் உண்டு. பஞ்சும் மெல்லிய நாரும் சிலந்தி நூலுமே அதற்குப் போதும். கிளை நுனியில் சிறு பை போலத் தொங்கும் அக்கூட்டின் பக்கவாட்டில் வாயில் இருக்கும்.

அப்பறவையின் பெயர் பூங்கொத்தி. நீளம் 8 செ.மீ. மட்டுமே, இந்தியப் பறவைகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. உச்சிக் கிளைகளில் ஓயாது தாவுவதால் கண்ணுக்கு முன் காதுக்கே எட்டும். ‘சிக், சிக்’ என்ற கூரிய ஒலி இடைவிடாது கேட்குமாயின் நின்று மேலே நோக்குங்கள். முதுகு மங்கிய பசும்பழுப்பு; வயிறு அழுக்கு வெண்மை; கோடோ புள்ளியோ இல்லை. பெண் தேன்சிட்டு என்று பலர் மயங்குவர். தேன்சிட்டின் அலகு நீண்டு வளைந்து கறுத்திருக்கும். பூங்கொத்தியின் அலகோ குட்டையானது, வெளிறிய இளஞ்சிவப்பு நிறமுடையது. அலகு தடித்து, மார்பில் மங்கிய கீற்றுகளுடன், வாலைப் பக்கவாட்டில் ஆட்டினால், அது இதன் உறவினமாகிய தடித்த அலகுப் பூங்கொத்தி.

தேன்பழ மரம் உள்ள வீட்டார் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும் இதற்கு மிகவும் உகந்த உணவு புல்லுருவிப் பழமே. மாமரம் வளர்ப்போரின் மனத்தாங்கலும் இங்கேதான் தொடங்குகிறது. விழுங்கிய பழத்தின் விதை சில நிமிடங்களுக்குள் பசையுடன் வெளிப்பட்டுக் கிளையில் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே முளைத்து மரத்தின் நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. பறவை நூலறிஞர் சாலிம் அலி கொங்கணப் பகுதியில் இதனை ஆராய்ந்து 1931இல் எழுதினார். புல்லுருவியின் மொட்டுகளை அலகால் அழுத்தித் திறந்து மகரந்தத்தைப் பரப்புவதும் இப்பறவைகளே.

இதற்காகச் சிறுவர் கையில் கவணைக் கொடுப்பது பேதைமை. இப்பறவை பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்ணுகிறது. தேன்சிட்டு முதலிய பிறவும் புல்லுருவியை நாடி வருகின்றன. ஒன்றைக் கொல்வதால் மரம் பிழைக்காது. புல்லுருவி பழுக்குமுன், அது பற்றியுள்ள இடத்திற்குச் சற்றுக் கீழே கிளையை வெட்டிவிடுங்கள். இலையை மட்டும் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். வெட்டுமுன் கிளை நுனிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; பிப்ரவரி முதல் ஜூன் வரை அந்தப் பஞ்சுப் பையினுள் இரண்டு வெண்ணிற முட்டைகள் இருக்கக்கூடும்.